மெடிக்கல் ஷாப் நாஸ்தா

எனக்குச் சர்க்கரை என்று டாக்டரம்மா சொன்னபோது, வேறு யாருடைய ரத்தத்தையோ பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தாறு வயதில், பஸ் டயரைக் கழற்றி மாட்ட ஆள் தேடாத உடம்பு என்னுடையது. கடப்பாக்கத்திலிருந்து படூர் வரைக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள். பள்ளத்தில் இறக்கி ஏற்றினாலும் தூங்குகிற பிள்ளை கண் விழிக்காது, அப்படி ஓட்டுவேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. வேறு யாரும் சொல்லக் காணோம்.

2003 சித்திரை மாத வெயிலில் கம்பெனியில் அந்த மெடிக்கல் கேம்ப் நடந்தது. டிரைவர்களை எல்லாம் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ஒரு தடவை ரத்தம், நாஸ்தா கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம். எனக்கு இரண்டுமே எகிறியிருந்தது.

"இட்லி, தோசை, சோறு எல்லாம் குறைச்சுக்கங்க மோசஸ். மாத்திரை போடுங்க, நடங்க," என்றார் டாக்டர் சங்கரி. "அக்டோபர்ல அடுத்த கேம்ப். அப்பவும் இப்படியே இருந்தா வண்டி ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொள்வார்கள். கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்று விசில் ஊத வேண்டியதுதான். எங்கள் நைனா கடைசிவரை அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். வரப்பில் சற்று உட்கார வேண்டுமென்றாலும் ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் சாவி என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான். இன்றைக்கு நான் வண்டியை எடுத்தால்தான் ஒரு பஸ் கூட்டத்துக்கு ஆபீஸ். அந்தச் சீட்டைவிட்டு இறங்கி, என் வண்டியை வேறொருவன் ஓட்டி வரும்போது நான் கதவைத் திறந்துவிடுவதா?

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் அங்கன்வாடியில் ஆயா. ஊர்ப் பிள்ளைகள் வயிற்றுக்கெல்லாம் கணக்கு வைத்திருப்பவள் என் வயிற்றை விடுவாளா? மறுநாளே ஒரு அட்டை டப்பாவோடு வந்து நின்றாள். கார்ன்ஃப்ளேக்ஸ்.

"மளிகக் கடயில இதெல்லாம் இல்ல. மெடிக்கல் ஷாப்புலதான் விக்கிறான்," என்றாள் பெருமையாக.

அது போதாதா எங்களுக்கு? இருமல் மருந்துக்கும் குழந்தைப் பவுடருக்கும் நடுவில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் மருந்தாகத்தானே இருக்கும். எங்கள் பக்கம் காய்ச்சல் வந்தால் பிரெட், வயிறு கெட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி. சர்க்கரைக்கு இது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். டப்பாமேல் ஒரு பெண் ஒடிந்துவிடுகிற இடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் சர்க்கரை என்று போட்டிருந்த இடத்தில் சின்ன எண்தான் இருந்தது. "பாரு, சக்கர கம்மியாத்தான் கீது," என்று ஜெசிந்தா விரல் வைத்துக் காட்டினாள்.

படத்தில் இருந்ததுபோலவே பெரிய கிண்ணத்தில் கொட்டி, பால் ஊற்றி, வாழைப்பழம் நறுக்கிப் போட்டுக் கொடுப்பாள். சர்க்கரை போடுவதில்லை, பத்தியம் அல்லவா. கசக்காத மருந்தாக இருந்ததால் நானும் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் மாமல்லபுரம் தாண்டினால் கண்ணைச் சொக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. இருபது வருஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் கொட்டாவிகூட விட்டதில்லை. வெயில் காரணம் என்றேன், புழுக்கம் காரணம் என்றேன். ஒருநாள் கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் திரும்புகிற உப்பளத்து ரோட்டில், "அண்ணா!" என்று ஒரு அலறல் கேட்டது. கண்ணைத் திறந்தால் முன்னால் தண்ணீர் கேன் கட்டிய சைக்கிள்காரன். பிரேக் அடித்த வேகத்தில் பின்னால் பைகள் எல்லாம் உருண்டன. சைக்கிள்காரன் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான். நான் இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அலறியது ஷபானா. கோவளத்தில் ஏறுகிற பெண், எப்போதும் முன் சீட்டு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி போட்டுக்கொள்வாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் நொடியில் எண் காட்டுகிற மெஷின் அவள் கைப்பையிலேயே இருக்கும். படூரில் எல்லோரும் இறங்கிய பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"கையக் குடுங்கண்ணா."

குத்தினாள். மெஷினைப் பார்த்து அவள் முகம் மாறியது. இருநூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

"காலைல என்ன சாப்டீங்க?"

"பத்தியம்தாம்மா. கார்ன்ஃப்ளேக்ஸு," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தின்றவனைப் பார்த்துச் சிரித்தால் யாருக்குத்தான் வராது? மறுநாள் டப்பாவையே கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அவள் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"சர்க்கரைங்கற இடத்த மட்டும் பாத்திருக்கீங்க. அதுக்கு மேல பாருங்கண்ணா, கார்போஹைட்ரேட். நூறு கிராமுக்கு எண்பத்து நாலு. எல்லாம் மாவுச்சத்து. சோளத்த வேகவெச்சு, நசுக்கி, வறுத்து வெச்சிருக்காங்க. நாரும் பெருசா இல்ல. வயித்துக்கு வேலையே வெக்காம நேரா சர்க்கரையாகி ரத்தத்துல எறங்கிடும். போதாக்கொறைக்கு வாழைப்பழம் வேற."

"இனிப்பே இல்லியேம்மா?"

"நாக்குக்குத் தெரியாதுண்ணா. ரத்தத்துக்குத் தெரியும்."

படித்த பெண் சொன்னாள் என்பதற்காகத் தலையாட்டிவிடுகிற ஆள் நான் இல்லை. வண்டி புகை கக்கினால் நாலு சாமானை ஒரே நாளில் மாற்றக் கூடாது. எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். உடம்புக்கும் அதையே செய்வது என்று முடிவு செய்தேன். மாத்திரை அதே மாத்திரை, நேரம் அதே நேரம், ரூட் அதே ரூட். நாஸ்தாவை மட்டும் மாற்றுவது. சாப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன் என்றால் படூரில் வண்டியை ஓரம் கட்டும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே ஷபானா குத்துவாள்.

முதலில் இட்லி. கார்ன்ஃப்ளேக்ஸைவிடக் குறைவு, ஆனால் சந்தோஷப்படுகிற மாதிரி இல்லை. அடுத்து நானே சவால் விட்டேன். "நாளைக்குப் பாரும்மா, எங்க வூட்டுக் கேவுரு கூழு. உன் மெஷினு தோத்துப்போவும்."

கேழ்வரகுக் கூழின் எண் இட்லிக்கும் மேலே, அண்ணனாக நின்றது. ஷபானா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் எரிந்து விழுந்தேன். "எங்க நைனா ஆயுசு முச்சூடும் கூழுதான் குடிச்சாரு. அவருக்கு இன்னா வந்துச்சி?"

"உங்க நைனா குடிச்சிட்டு வெயில்ல குனிஞ்சி நாத்து நட்டாரு. நீ குடிச்சிட்டு சீட்டுல குந்திகினு போற," என்றாள், கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே.

கோபத்தோடு போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் தினம் ஒன்றாகப் பார்த்தோம். கடைசியில் இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரே ஒரு தோசை, மீதமிருந்தால் மீன் குழம்பு. அன்றைக்கு மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து ஷபானா கை தட்டினாள். நான் பார்க்கிங்கில் நின்ற வண்டியின் ஹாரனை விடாமல் அழுத்தினேன். செக்யூரிட்டி ஓடி வந்தான்.

அதிலிருந்து அதுதான் நாஸ்தா. சாயங்காலம் கடற்கரையில் நடை. உப்பளத்து ரோட்டில் கண் சொக்குவது நின்றே போயிற்று. பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஜெசிந்தா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அக்டோபர் வரட்டும் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அக்டோபர் வந்தது, புரட்டாசியோடு. வெறும் வயிற்று ரத்தம் எடுத்து முடிந்ததும் கேன்டீனில் ஆளுக்கொரு தட்டு வைத்தார்கள். பாலில் மிதக்கிற கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. "எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிடணும். எதையும் மிச்சம் வெக்கக் கூடாது," என்று லேப்காரர் நடந்துகொண்டே சொன்னார்.

கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. என் வீட்டிலிருந்து நான் விரட்டியடித்த பயல் இங்கே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பக்கத்தில் கண்ணாயிரம் உட்கார்ந்திருந்தான். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்காரன், செங்கல்பட்டு ரூட் ஓட்டுகிறவன். கிளீனராக இருந்த காலத்திலிருந்து எனக்குச் சிநேகிதன். ஏப்ரல் கேம்ப் நடந்தபோது மகள் கல்யாணம் என்று லீவில் இருந்தான். அவன் தட்டிலிருந்த முட்டைகளைப் பார்த்து முகம் சுளித்தான்.

"மச்சான், புரட்டாசிடா. இத்தத் தொட்டேன்னா வூட்ல சேக்க மாட்டா. நீதான் அல்லேலூயா ஆளாச்சே, துன்னு."

"அப்ப என் கிண்ணத்த நீ எடுத்துக்க."

ஒரு நொடியில் கைமாறிவிட்டது. மிச்சம் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லையே. நாலு முட்டையையும் உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கண்ணாயிரம் இரண்டு கிண்ணத்தையும் வழித்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது மச்சான், ஆபீசருங்க நாஸ்தா," என்று மீசையைத் துடைத்தான். அவனுக்குச் சர்க்கரை கிடையாது என்று நான் நினைத்ததாகச் சொன்னால் அது பொய். அவனைப் பற்றி நான் எதையுமே நினைக்கவில்லை.

மத்தியானம் டாக்டர் சங்கரி என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "பிரமாதம் மோசஸ்," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார்கள்.

அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"சாவியக் குடுக்கச் சொல்றாங்கடா. முந்நூத்தி அம்பதுக்கு மேல கீதாம். நான் காலைல அந்தப் பாலத்தானடா குடிச்சேன்? அதுல இன்னாடா இருந்துச்சி?"

சொன்னேன். மாவுச்சத்து, சோளம், ரத்தத்தில் இறங்குவது எல்லாம். ஷபானா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இதெல்லாம் உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் குடுத்தியா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டைப் பையில் தாள், கையில் வண்டிச் சாவி, வெளியே என் பஸ். பேசாமல் போய் ஏறி உட்கார்ந்திருக்கலாம், யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டில் விசிலோடு நிற்கிற கோலம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அதில் நின்றது நான் இல்லை, கண்ணாயிரம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"டாக்டரம்மா, கண்ணாயிரம் குடிச்சதுல ஒரு கிண்ணம் என்னுது. அவன் முட்டய நான் துன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு மாத்தினீங்க?"

"அத்த சாப்ட்டா எனக்கு எகிறும்மா. தெரிஞ்சிதான் மாத்தினேன்."

"அப்ப உங்க ரிப்போர்ட்டும் செல்லாது மோசஸ். தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சிதாம்மா வந்தேன்."

தாளை மேஜைமேல் வைத்தேன். அதன்மேல் சாவியை வைத்தேன். வைத்த பிறகு, என்ன ஆச்சரியம், எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு சொல்றேம்மா. அந்தக் கிண்ணத்தக் குடுத்து ரத்தம் எடுத்தீங்கன்னா நான் தோத்துதான் போவேன். நான் அத்த சாப்பிடறதில்ல. மாசக்கணக்கா இன்னா சாப்பிடறேனோ அதோடதான் வண்டி ஓட்டறேன். அத்தப் பாக்கறதுக்கு ஒரு டெஸ்ட்டு கீதுன்னா எடுங்க. அதுல தோத்தா நானே விசில வாங்கி மாட்டிக்கறேன்."

டாக்டர் முகத்தில் இருந்தது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இருக்கு. கடைசி மூணு மாசம் ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட். மெட்ராஸுக்கு அனுப்பணும். இன்னிக்கு முட்டை சாப்ட்டீங்களா, பட்டினி கிடந்தீங்களா, எதுவும் அதுகிட்ட பலிக்காது. ரெண்டு பேருக்கும் எடுக்கறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு சாவியும் இங்கதான் இருக்கும்."

அந்த வாரம் நான் கேட்டில் நின்றேன். விசிலும் ஊதினேன். கண்ணாயிரம் எதிர்ப்பக்கக் கேட்டில். என் வண்டியைத் துரை என்கிற புதுப் பையன் ஓட்டி வந்தான். கியர் மாற்றும்போது வண்டி முனகியது. நான் கதவைத் திறந்துவிட்டேன். முன் சீட்டிலிருந்து ஷபானா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பயம் மட்டும் இல்லை. தினமும் விரலில் குத்திப் பார்த்தவன் நான். மெட்ராஸ் மெஷின் வேறு கதை சொல்லாது என்று தெரியும்.

சொல்லவும் இல்லை. டாக்டர் என் தாளில் மறுபடி கையெழுத்துப் போட்டுச் சாவியை நீட்டினார். பிறகு கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார்.

"இது அந்த ரெண்டு கிண்ணத்தால வந்ததில்ல. உங்களுக்கு ரொம்ப நாளா சர்க்கரை இருந்திருக்கு, நீங்க டெஸ்ட் பண்ணிக்கல. மாத்திரை எழுதறேன். மூணு மாசம் கழிச்சு இதே டெஸ்ட் எடுப்போம். அதுவரைக்கும் வண்டி வேண்டாம்."

என் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம், சந்தோஷம்தான் வரவில்லை. கண்ணாயிரம் வெளியே வந்து நேராக கேட்டுக்குப் போய் நின்றான். பின்னாலேயே போய், "நாளைக்கு என் வண்டியில ஏறு. ஜெசிந்தா சுண்டல் குடுத்தனுப்புவா. துன்னு ரெண்டு மணி நேரம் ஆனதும் படூர்ல அந்தப் பொண்ணு குத்திப் பாத்து சொல்லும். ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துக்கலாம்," என்றேன். அவன் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் மாமல்லபுரம் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான். ஏறி, என்ஜின் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, நான் நீட்டிய டிபன் டப்பாவை வாங்கிச் சாப்பிட்டு முடித்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திருவிடந்தை கிட்டே ஆட்டுக் கூட்டம் ஒன்று திடீரென்று ரோட்டில் இறங்கியது. நான் பிரேக்கில் கால் வைத்தேன். தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்தால், கண்ணாயிரத்தின் வலது காலும் தகரத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. கடைசி ஆடு கடந்து போகும் வரைக்கும் அவன் காலை எடுக்கவில்லை. அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"மூணு மாசம்டா மச்சான்," என்றேன்.

அவன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கியர மாத்துடா. வண்டி இழுத்துகினு கீது பாரு," என்றான்.

மாற்றினேன்.